திரைக்கதைக் கல்வியும் தோட்டத் தமிழும்



நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பயணம் செய்வோர் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளைப் பார்த்திருப்பர். லாடாங் லாபு, லாடாங் கொம்போக், லாடாங் சுவா பெத்தோங், லாடாங் ஜெராம் பாடாங் என அவை நீளும். ‘லாடாங்’ என்னும் மலாய்ச் சொல் இங்குத் தோட்டத்தைக் குறிக்கிறது. இத்தகைய பள்ளிகள் பலவற்றைச் சுற்றி இன்று பால்மரங்கள் இல்லை. சில இடங்களில் செம்பனை நிற்கிறது; சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. மரம் போயிற்று, லயம் போயிற்று, பெயர் மட்டும் பலகையில் நிற்கிறது. அந்த லயங்களில் பேசப்பட்ட தமிழும் அதைப் பேசிய முதியவர்களோடு நம்மை விட்டு அகன்றுகொண்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் திரைக்கதை பயிலும் மாணவர் அந்தத் தமிழுக்கு என்ன செய்ய முடியும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மொழியியலாருக்குத் திரைக்கதையோடு என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். அதற்கு விடை கூறத் திரைக்கதை கற்பிக்கப்படும் முறையை முதலில் நோக்குவோம்.

திரைப்படத்தைக் கல்வியாக ஏற்றுக்கொண்ட வரலாறு நூறாண்டைக் கடந்தது. மாஸ்கோவின் திரைப்பட நிறுவனம் 1919-இல் தோன்றியது. அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 1929-இல் திரைப்படக் கல்வியைத் தொடங்கியது. சென்னை அடையாற்றுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தின் தொடக்கம் 1945. புனே நிறுவனத்தின் தொடக்கம் 1960. மலேசியாவில் 1994-இல் உருவான தேசியக் கலைக் கழகம் இன்று ‘அஸ்வாரா’ என்னும் பெயரில் எழுத்தையும் திரைக்கலையையும் கற்பிக்கிறது. மல்டிமீடியா பல்கலைக்கழகம் முதலிய வேறு நிறுவனங்களிலும் திரைக்கலை பாடமாக உள்ளது.

வகுப்பில் முதலில் கற்பிக்கப்படுவது தாளின் அமைப்பு. உள்ளா வெளியா, எந்த இடம், எந்த நேரம் என்பதைக் காட்சித் தலைப்புச் சொல்லும். அடுத்து, கண்ணால் காண்பதும் காதால் கேட்பதும் நிகழ்கால வினையில் எழுதப்படும். அதன்பின் பேசுவோர் பெயரும் உரையாடலும் வரும். ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது பொதுக் கணக்கு. மனத்தில் நினைத்ததை எழுத இடமில்லை. ‘அவள் வறுமையால் வாடினாள்’ என்று சிறுகதையில் எழுதலாம். திரைக்கதையில் அந்த வறுமை பாத்திரத்திலோ பேச்சிலோ தெரிந்தாக வேண்டும்.

இந்தத் தாளில்தான் தமிழ் மாணவருக்கெனத் தனிச் சிக்கல் ஒன்று எழுகிறது. தமிழ் இரட்டை வழக்கு மொழி. எழுத ஒரு தமிழும் பேச ஒரு தமிழும் நமக்கு உண்டு. அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் பெர்குசன் 1959-இல் அரபு, கிரேக்கம் முதலிய மொழிகளைச் சான்றாகக் கொண்டு இந்நிலையை விளக்கினார். ஆனால் வழக்கு, செய்யுள் என்று பிரித்துப் பேசும் மரபு தொல்காப்பியத்திலேயே உள்ளது. கட்டுரையில் எழுத்துத் தமிழ் போதும். வீட்டில் பேச்சுத் தமிழ் போதும். திரைக்கதையிலோ இரண்டும் ஒரே தாளில் அடுத்தடுத்து நிற்க வேண்டும். காட்சி விவரிப்புக்கு எழுத்துத் தமிழ், உரையாடலுக்குப் பேச்சுத் தமிழ். பேச்சுத் தமிழை எழுத்தில் வடிக்க ஒருவர் வேறெங்கும் இவ்வளவு கட்டாயப்படுத்தப்படுவதில்லை.

தமிழ்த் திரைப்படமே இதை ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. 1952-இல் வெளிவந்த ‘பராசக்தி’யின் புகழ் அதன் மேடைத் தமிழில் இருந்தது. 1977-இல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ வந்தபோது கிராமத்துப் பேச்சு கதையின் நடுவிடத்தைப் பிடித்தது. இரண்டும் தமிழே. முன்னது அவையோரைப் பார்த்துப் பேசியது. பின்னது பக்கத்தில் நிற்பவரிடம் பேசியது.

மலேசியத் தோட்டத்துப் பேச்சு எத்தகையது? வட ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சை முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோர் ஒரே லய வரிசையில் குடியேறினர். தெலுங்கரும் மலையாளிகளும் உடன் இருந்தனர். 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. அதன்பின் அந்தப் பேச்சு பெரிதும் இந்த மண்ணிலேயே வளர்ந்தது. இரப்பருக்குக் ‘கித்தா’ என்றனர். அது ‘கெத்தா’ என்ற மலாய்ச் சொல். பால் வாளிகளைத் தோளில் சுமக்கும் கம்பு ‘காண்டா’. அது மலாய் ‘காண்டார்’. ஆங்கில ‘லைன்’ நம் வாயில் ‘லயம்’ ஆயிற்று. ‘பரேட்’ என்பது ‘பெரட்டு’ ஆயிற்று. சாலைக்குரிய ‘சடக்கு’ இந்துஸ்தானியிலிருந்து வந்தது. காலை உணவு உண்பதற்குப் ‘பசியாறுதல்’ என்ற அழகிய தமிழ்ச் சொல்லை அவர்கள் அன்றாட வழக்கில் வைத்துக் காத்தனர்.

ஒரு சிறு காட்சியை எடுத்துக்காட்டாகத் தருகிறோம்.

வெளி. பெரட்டுக் களம். விடியுமுன்.
தூறல் விழுகிறது. தண்டல் கைவிளக்கின் ஒளியில் ஒரு மரத்தின் பட்டையைத் தொட்டுப் பார்க்கிறார். பெண்கள் வாளியும் உளியுமாய் நிற்கிறார்கள்.
தண்டல்: மரம் ஈரமா கெடக்கு.
பெண்: அப்ப இன்னிக்கி?
தண்டல் விளக்கை அணைக்கிறார்.

பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டின் வழியே மங்கில் சேராது. மரத்தின் மேல் வழிந்து வீணாகும். ஆகவே மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் அன்றைய கூலி இல்லை. ‘அப்ப இன்னிக்கி?’ என்னும் இரு சொற்களுக்குள் ஒரு குடும்பத்தின் அன்றைய அடுப்பு அடங்கியிருக்கிறது. ‘அவ்வாறாயின் இன்று எங்களுக்கு ஊதியம் கிடைக்காதா?’ என்று அதைத் திருத்தி எழுதினால் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் அந்தப் பெண் அங்கே இல்லை.

இனி, இந்நாட்டில் எடுக்கப்பட்ட இரு படங்களைக் காண்போம். மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் பயின்ற தீபக் குமரன் மேனன் 2005-இல் ‘செம்மண் சாலை’யை உருவாக்கினார். 1960-களின் இரப்பர்த் தோட்டத்தில், பல்கலைக்கழகம் செல்ல விரும்பும் ஒரு பெண்ணின் கதை அது. பிரான்சின் நாந்த் நகரில் நடக்கும் மூன்று கண்டங்கள் திரைப்பட விழாவில் அது நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது. தோட்டத்துப் பெண் எட்டிப் பிடிக்க நினைத்த பல்கலைக்கழகத்தில் பயின்ற ஒருவர், அந்தத் தோட்டத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க.

மற்றது சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’, 2015. தோட்டத்தை விட்டுப் புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்த குடும்பத்தில், கற்பனை மிகுந்த ஒரு சிறுவனையும் அவனைப் படிக்கச் சொல்லி நெருக்கும் தந்தையையும் அது காட்டுகிறது. 2016-இல் 28-ஆம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாக அது தேர்வு பெற்றது. அவ்விழாவுக்கு முன், படங்களை மொழிவாரியாகப் பிரித்த பரிசு விதி பெரும் விவாதத்திற்கு உள்ளானதையும் நாடறியும்.

அப்படத்தின் பெயர் மொழியியல் மாணவர்க்கு ஒரு பாடம். மலாயில் ‘ஜஹாட்’ என்றால் தீய, கெட்ட என்று பொருள். நம் மக்கள் வாயில் இடையிலுள்ள ஹகரம் ககரமாயிற்று. இது பிழையா? ‘மஹாத்மா’வை நாம் மகாத்மா என்கிறோம். பஹாங்கைப் பகாங் என்றும், ஜோஹோரை ஜோகூர் என்றும், இம்மாநிலத்துப் பஹாவைப் பகாவ் என்றும் எழுதுகிறோம். வடசொல்லை ஏற்க முன்னோர் பின்பற்றிய அதே ஒலி விதியைத் தோட்டத்துச் சிறுவனும் மலாய்ச் சொல்லிடம் பின்பற்றினான். நாம் ‘கொச்சை’ என்று ஒதுக்கியதற்குள் ஓர் ஒழுங்கு இருந்தது.

ஆயினும் குறைகளையும் கூறியாக வேண்டும். இரு குறைகளை நாம் நேரில் கண்டோம்.

முதலாவது. மாணவர் சிலர் தந்த திரைக்கதைப் படிகளைப் படித்தபோது, தோட்டத்துப் பாட்டி மதுரைத் தமிழ் பேசுவதைக் கண்டோம். எழுதியவரின் சொந்தப் பாட்டி அப்படிப் பேசியிருக்க மாட்டார். கேட்டபோது, ‘கிராமத்து ஆளென்றால் படங்களில் அப்படித்தானே பேசுகிறார்கள்’ என்று விடை வந்தது. தம் வீட்டு ஒலியைவிடத் திரையரங்கின் ஒலியே அவர் காதில் உரக்கக் கேட்டிருக்கிறது.

இரண்டாவது குறைக்கு மாணவர் பொறுப்பல்லர். அரசுப் பல்கலைக்கழகங்களில் பயிற்றுமொழி மலாய். தனியார் நிறுவனங்களில் பெரும்பாலும் ஆங்கிலம். எனவே தமிழ்க் கதையை மனத்தில் கொண்ட மாணவரும் உரையாடலை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதி ஒப்படைக்கிறார். பிறகு படமெடுக்கும்போது அதையே தமிழுக்குத் திருப்புகிறார். இந்த இரு பயணங்களில் ‘தண்டலு’க்கும் ‘தண்டலய்யா’வுக்கும் இடையிலுள்ள தூரம் கரைந்துபோகிறது. மலாயிலும் மரியாதைப் படிநிலைகள் உண்டு. ஆனால் அவை வேறொரு சமூக ஒழுங்கைச் சுமப்பவை. மதிப்பெண் பெற்ற உரையாடல் வேறு, திரையில் ஒலிக்கும் உரையாடல் வேறு என்றானால், எதைக் கொண்டு அம்மாணவர் தம் கலையில் வளர்ந்ததை அளப்பது?

இதைப் பகைமை நோக்கில் நாம் கூறவில்லை. நெகிரி செம்பிலான் மலாய் மக்கள் வீட்டில் பேசுவதும் மினாங்கபாவ் வேர்கொண்ட வட்டார மொழியே. பள்ளியில் கற்கும் பொது மலாய் அன்று. ரெம்பாவிலோ கோலா பிலாவிலோ பிறந்த மலாய் விரிவுரையாளருக்கு நம் சிக்கலை விளக்க நெடுநேரம் ஆகாது. யாஸ்மின் அகமதுவின் ‘செப்பெட்’, ‘டேலண்ட்டைம்’ ஆகிய படங்கள் பல மொழிகள் கலந்து ஒலித்தும் மலேசியரின் படங்களாகவே போற்றப்படுகின்றன.

ஆகவே மூன்று பரிந்துரைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று, பல்கலைக்கழகங்களுக்கு. காட்சி விவரிப்பு பயிற்றுமொழியில் இருக்கட்டும். உரையாடல் தமிழில் அமைந்து, அருகில் மொழிபெயர்ப்பு நிற்கட்டும். மதிப்பீட்டில் தமிழறிந்த ஒருவர் துணை நிற்கட்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இந்திய ஆய்வியல் துறை உள்ளது. அத்தகைய அறிஞர்க்கு இந்நாட்டில் பஞ்சமில்லை.

இரண்டு, மாணவர்க்கு. எழுதும் முன் கேளுங்கள். ஒரு முதியவரிடம் அமர்ந்து, அவர் இசைவோடு பேச்சைப் பதிவு செய்து, கேட்டபடியே எழுதிப் பாருங்கள். நாம் ஒருமுறை கள ஆய்வுக்காக இம்மாநிலத் தோட்டமொன்றுக்குச் சென்றோம். வினாப்பட்டியலைக் கையில் எடுத்தவுடன், பால்வெட்டி ஓய்ந்த மூதாட்டி ஒருவர், ‘மொதல்ல பசியாறுங்க, அப்பறம் கேளுங்க’ என்றார். பட்டியலில் நாம் கேட்க எண்ணியிருந்த சொற்களுள் ‘பசியாறு’ இல்லை. அன்று நாம் பெற்ற முதல் தரவு, நாம் கேட்காமலே கிடைத்தது.

மூன்று, ஆசிரியர்க்கு. கட்டுரையில் பேச்சு வழக்கைத் திருத்துவது உங்கள் கடமை. அதில் தளர வேண்டா. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மாணவர்களை ஒரு பக்க உரையாடல் எழுதச் செய்யுங்கள். அங்கே எழுத்துத் தமிழ் வந்தால் அதைப் பிழையென்று காட்டுங்கள். எந்தத் தமிழ் எங்கே பொருந்தும் என்று அறிந்த பிள்ளைக்கு இரண்டும் கைவரும்.

திரைக்கதை படித்தால் பிழைப்புக்கு வழியுண்டா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. மலேசியத் தமிழ்ப்படச் சந்தை சிறியது. இப்படிப்பு வேலைக்கு உறுதி தருவதாக நாம் கூறமாட்டோம். தொலைக்காட்சி, விளம்பரம், ஆவணப்படம் ஆகியவற்றிலும் இப்பயிற்சி பயன்படும் என்பதை மட்டும் கூறலாம். முடிவு குடும்பத்தினுடையது.

ஆனால் காலம் குறித்து ஒன்று சொல்லலாம். பெரட்டுக் களத்தில் நின்றவர்கள் இன்று முதுமையில் உள்ளனர். மருத்துவமோ சட்டமோ பத்தாண்டு கழித்தும் படிக்கலாம். அவர்களின் பேச்சைப் பத்தாண்டு கழித்துக் கேட்க இயலாது. திரைக்கதை பயிலும் மாணவர் இவ்வார இறுதியில் வீடு திரும்பும்போது, பாட்டியின் அருகில் அமர்ந்து ஒரு பக்கம் எழுதி வரட்டும். திரையில் அது ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடமாவது நம்மிடம் இருக்கும்.