காகிதப் பையா? பிளாஸ்டிக் பையா?
(ஜும்ஆ பேருரை)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



கடையில் தரும் ஒரு பையைப் பற்றி மிம்பரில் ஏறிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள் (முஸ்லிம்). முள்ளை அகற்றுவது ஈமானைச் சேர்ந்தது என்றால், தெருச் சாக்கடையை அடைத்துக் கிடக்கும் பை மட்டும் மார்க்கத்துக்கு வெளியே போய்விடுமா? முள்ளையாவது எவரும் போட்டதில்லை, அது தானாக வந்தது. பையைப் போட்டவர் நம்மில் ஒருவர்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. மத்திய அரசின் விதிகளின்படி 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த தடிமனுள்ள பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு அனுமதி இல்லை. இத்தனைக்குப் பிறகும் மெல்லிய கறுப்புப் பைகள் நம் கறிக்கடைகளை விட்டுப் போகவில்லை. பாவமில்லாத காரியத்தில், அதுவும் பொதுநலனுக்காக அரசு இடும் கட்டளைக்குக் கீழ்ப்படிவது நம்மீது கடமை என்பதைக் கடை நடத்தும் சகோதரர்களுக்கு நினைவூட்டி, அடுத்த விஷயத்துக்கு வருகிறேன்.

நம் இளைஞர்கள் சிலர் ஒரு நல்ல கேள்வி கேட்கிறார்கள். "ஹஜ்ரத், பிளாஸ்டிக்கை விட்டுவிட்டுக் காகிதப் பை வாங்கினால் பொறுப்பு தீர்ந்துவிடுமா?" தீராது என்பதே என் பதில். அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

இன்று நாம் காணும் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பையை உருவாக்கியவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்டாஃப் துலின். 1965இல் அதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைத் தடுக்கவே தம் தந்தை அதைச் செய்தார் என்றும், அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார் என்றும் அவருடைய மகன் சொல்லியிருக்கிறார். மரத்தைக் காக்க வந்த பை கடலைக் கெடுத்தது. நிலத்திலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டுக்கு மனிதர்களின் கைகள் செய்தவையே காரணம் என்று குர்ஆன் (30:41) எச்சரிப்பதை இங்கே சிந்தித்துப் பாருங்கள். அவர் செய்தது பல நாள் உழைக்கும் பை. அதை ஒரு நாளில் எறியும் பையாக்கியது நம் பழக்கம்.

காகிதப் பையோ இலேசாக வருவதில்லை. மரத்துண்டுகளை இரசாயனங்களோடு சேர்த்து வேகவைத்துக் கூழாக்க வேண்டும். அதற்கு ஏராளமான தண்ணீரும் நெருப்பும் வேண்டும். கழிவு நீரைச் சுத்தம் செய்யாமல் விட்டால் ஆறு கெடும். பழைய காகிதத்தை அரைத்துச் செய்யும் பழுப்புத் தாளில் மரம் தப்புகிறது, ஆனால் தண்ணீரும் எரிபொருளும் தப்புவதில்லை. பையின் எடையோ அதிகம். ஏற்றிச் செல்லும் லாரிகளும் அதிகம். குப்பைமேட்டின் அடியில் காற்றுப் புகாமல் மட்கும்போது காகிதம் மீத்தேன் வாயுவை வெளிவிடுகிறது. மழையில் நனைந்தால் கிழியும் என்பதால் ஒருவரும் அதை இரண்டாம் முறை எடுத்துச் செல்வதில்லை.

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்கிட்டது. ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பத்துக்குக் குறைந்த தீங்கு செய்ய வேண்டுமானால், காகிதப் பையைக் குறைந்தது 3 முறை பயன்படுத்த வேண்டும். துணி போலத் தோன்றும், நெய்யப்படாத பாலிபுரோப்பிலின் பையை 11 முறை. பருத்திப் பையை 131 முறை. (அந்தத் 'துணிப் பை'யும் பிளாஸ்டிக்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. திருமண வீடுகளில் மணமக்கள் பெயர் அச்சிட்டுக் கொடுப்பது பெரும்பாலும் அதுவே.) பருத்திக்கு ஏன் இவ்வளவு? பயிருக்குத் தண்ணீர், உரம், பூச்சிமருந்து. பிறகு நூற்பு, நெசவு, சாயம். வீட்டுக்கு வீடு இருபது மஞ்சப்பைகள் அலமாரியில் தூங்கினால் அதுவும் விரயமே.

இந்தக் கணக்கைக் காட்டி, பிளாஸ்டிக்கே நல்லது என்று வாதிடுவோரும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்த எண்கள் எறியப்பட்ட பை செய்யும் தீங்கை அளந்தவை அல்ல. மாட்டின் வயிற்றில் சுருண்டு கிடக்கும் பைக்கும், கடலாமை இழுதுமீன் என எண்ணி விழுங்கும் பைக்கும் அதில் இடமில்லை. வங்காள தேசத்தைப் பாருங்கள். 1988, 1998ஆம் ஆண்டு வெள்ளங்களின்போது வடிகால்களை மெல்லிய பைகள் அடைத்துக்கொண்டது துயரத்தைக் கூட்டியது. 2002இல் அந்நாடு, உலகிலேயே முதலாவதாக, மெல்லிய பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. வெள்ளத்தில் தவித்த மக்களுக்குக் கரியமில வாயுக் கணக்கு மட்டும் போதுமானதாக இருந்திருக்காது.

ஒரு தீங்கை அதே போன்ற இன்னொரு தீங்கைக் கொண்டு நீக்கக் கூடாது என்பது நம் ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த விதி. இமாம் சுயூத்தி (ரஹ்) அவர்கள் 'அல்அஷ்பாஹு வன்னழாயிர்' நூலில் இத்தகைய விதிகளைத் தொகுத்திருக்கிறார்கள். இரு தீங்குகள் எதிர்ப்பட்டு, ஒன்றைத் தவிர்க்க முடியாத நிலையில் இலேசானதை மேற்கொள்ளலாம் என்பதும் அவர்கள் காட்டும் வழியே. மதரஸாவில் ஓதும்போது இவற்றைப் பெரிய வழக்குகளுக்கு உரியவையாக நினைப்போம். மளிகைக் கடை வாசலிலும் இவை பொருந்துகின்றன. பிளாஸ்டிக்குக்குப் பதில் காகிதம் வாங்கி அன்றே எறிபவர், ஒரு தீங்கை மற்றொன்றால் மாற்றியவராகிறார். காகிதப் பை ஹராம் என்று நான் ஃபத்வா கொடுக்கவில்லை; இரண்டுமே எறிவதற்காகச் செய்யப்பட்டவை என்பதில்தான் நோய் இருக்கிறது. ஓடும் ஆற்றங்கரையில் ஒளூச் செய்தாலும் விரயம் கூடாது என்று ஸஅத் (ரளி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட செய்தி இப்னு மாஜாவில் பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள், கிழிந்த ஆடையைத் தாமே தைத்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரளி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள் (அஹ்மத்). இருப்பதை நீண்ட நாள் உழைக்கச் செய்வது ஸுன்னத்தான வாழ்க்கை முறை.

ஆகவே, அலமாரியில் என்ன பை இருக்கிறதோ அதை எடுங்கள். பழைய பிளாஸ்டிக் பையாக இருந்தாலும் சரி. கிழியும்வரை அதையே கொண்டுபோங்கள். பழைய வேட்டியிலும் சேலையிலும் வீட்டுப் பெண்கள் தைத்த பைக்குப் புதுப் பருத்தி விளைய வேண்டியதில்லை. கறிக்குப் பாத்திரமே மேல். நம் முன்னோர் பனை ஓலைக் கொட்டானிலும் தாமரை இலையிலும் வாங்கி வந்தார்கள். செய்தித்தாளில் உணவைப் பொதிவதும் சரியல்ல. அச்சு மை உணவில் இறங்கும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் எச்சரித்திருக்கிறது.

இப்போது நம் பள்ளிவாசலின் விஷயத்துக்கு வருவோம். ரமளானில் நோன்புக் கஞ்சி வாங்க முன்பெல்லாம் பிள்ளைகள் தூக்குச் சட்டியோடு ஓடி வருவார்கள். இப்போது கொதிக்கும் கஞ்சியை மெல்லிய பையில் ஊற்றி முடிச்சுப் போட்டு வாங்கிச் செல்கிறார்கள். நோன்பு திறக்கும் உணவில் அந்தச் சூடு எதைக் கரைத்து இறக்குமோ? ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பானி இறைச்சிப் பங்குகளும் அப்படியே. அடுத்த நாள் காலையில் இரத்தம் தோய்ந்த பைகளை நாய்கள் தெருவெல்லாம் இழுத்துச் செல்கின்றன. அந்தத் தெருவில் மாற்று மதத்துச் சகோதரர்களும் வாழ்கிறார்கள். நம் வணக்கம் அவர்களுக்குத் தொல்லையாகலாமா?

நிர்வாகக் குழுவினரோடு கலந்து பேசியதில், வரும் ரமளான் முதல் பள்ளிவாசலில் கஞ்சி பாத்திரத்தில் மட்டுமே ஊற்றப்படும் என்று முடிவாகியுள்ளது. பாத்திரம் இல்லாமல் வரும் ஏழைகளையும் வழிப்போக்கர்களையும் திருப்பி அனுப்ப மாட்டோம். அவர்களுக்காக மூடியுள்ள எவர்சில்வர் தூக்குகள் வாங்கி வைக்கப்படும். மறுநாள் திருப்பித் தந்தால் போதும். அதற்கு உதவ நாடுவோர் தொழுகைக்குப் பிறகு முஅத்தின் அவர்களிடம் பெயர் கொடுக்கலாம். குர்பானிப் பங்குக்கு வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டு வரும்படி உங்கள் வீட்டாரிடம் இன்றே சொல்லி வையுங்கள்.

அதற்கான தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.