சாவி யார் கையில்?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "பழைய டிராக்டரைக் கட்டிக்கிட்டு அழறவங்களுக்கு வேற வேலையில்லை"ன்னார். (சிரிப்பு)

ஐயா, நான் சொல்றேன். இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரத்தில் 1946-லிருந்து 1956 வரை ஃபெர்குசன் டி.இ.20 என்று ஒரு வண்டி செய்தார்கள். சாம்பல் நிறம். ஐந்து லட்சத்துக்கும் மேலே! உருவம் சின்னதுதான். ஆனால் ஹாரி ஃபெர்குசன் வைத்த மூன்று முனை இணைப்பு இருக்கே, அதுதான் சூட்சுமம். கலப்பையை வண்டியோடு ஒன்றாகப் பூட்டி, ஹைட்ராலிக்கில் தூக்கலாம், இறக்கலாம். நம்ம ஊர் டிராக்டருக்குப் பின்னால் போய்ப் பாருங்கள், இன்றைக்கும் அதே மூன்று முனைதான். எவரெஸ்ட் ஏறிய ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவத்துக்கு எதில் போனார்? சக்கரத்துக்குச் சங்கிலிப்பட்டை மாட்டி, இதே வண்டியில்! (கைதட்டல்)

அங்கே இன்றும் பெரியவர்கள் இதைத் துடைத்து வைத்து, உழவுப் போட்டிக்கு ஓட்டி வருகிறார்கள். ஏன்? ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவன் தானே கழற்றி மாட்டலாம். புது வண்டியோ கம்ப்யூட்டர் பூட்டுப் போட்டுக்கிட்டு நிக்குது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில், விவசாயி தன் வண்டியைத் தானே ரிப்பேர் பார்க்க 2023-ல் சட்டமே போட வேண்டியதாச்சு! காசு கொடுத்தவன் ஒருத்தன், சாவி இன்னொருத்தன் கையிலா?

இதுக்கு அந்த அணி பதில் சொல்லட்டும். உட்காருகிறேன், வணக்கம்.