மானம் வேறு, பிறப்புப் பெருமை வேறு

(மாணவர் அணி சார்பில் திருநெல்வேலியில் நடைபெற்ற பயிலரங்கில், நமது கட்சியின் கொள்கை பரப்புச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் உங்களிடம் கேள்விச் சீட்டு எழுதி வாங்கினோம். அதில் ஒரு சீட்டில் பெயர் இல்லை. கேள்வி இதுதான்: "என் சாதியை நினைச்சு நான் பெருமைப்படுறேன். நான் யாரையும் திட்டல, யாரையும் அடிக்கல. இதுல என்ன தப்பு?"

எழுதிய தம்பி யாராக இருந்தாலும் அவரைப் பாராட்டுகிறேன். இங்கே "சாதி ஒழிக" என்றதும் கைதட்டிவிட்டு, வெளியே போய் பைக்கில் ஸ்டிக்கர் ஒட்டுவதைவிட, நேராகக் கேட்பது எவ்வளவோ மேல். அதனால் இன்றைக்கு அந்தச் சீட்டுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நாம் எதற்குப் பெருமைப்படுகிறோம்? கபடியில் ஜெயித்தால் பெருமைப்படலாம், விளையாடியது நீ. அம்மா பீடி சுற்றி உன்னைக் கல்லூரிக்கு அனுப்பினால், அவரை நினைத்துப் பெருமைப்படலாம். அது அவர் உழைப்பு, அதன் பலனில் நீ நிற்கிறாய். ஆனால் பிறப்பு? இந்த வீட்டில், இந்தத் தெருவில் பிறக்க வேண்டும் என்று நாம யாராவது மனு போட்டோமா? தேர்வு எழுதினோமா? நான் எதுவும் செய்யாமல் கிடைத்த ஒன்றுக்கு எனக்கு என்ன பாராட்டு? அதேபோல, எதுவும் செய்யாமல் கிடைத்த ஒன்றுக்காக இன்னொருத்தர் ஏன் தலைகுனிய வேண்டும்? முதல் கேள்விக்குப் பதில் சொல்லாதவரை, இரண்டாவது கேள்விக்கும் நமக்கு விடை கிடைக்காது.

"இல்லண்ணே, எங்க முன்னோர் ஆண்டவங்க" என்று ஒரு தம்பி சொல்வார். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். உனக்கு அப்பா, அம்மா இரண்டு பேர். தாத்தா பாட்டி நான்கு பேர். இப்படியே பத்துத் தலைமுறை மேலே போனால் 1,024 இடங்கள். இருபது தலைமுறை போனால் பத்து லட்சத்தைத் தாண்டும். தலைமுறைக்கு 25 வருடம் என்றால் அது வெறும் 500 வருடக் கதை. ஒரே ஆள் பல இடங்களில் வருவார், அதைக் கழித்துவிட்டாலும் பெரிய கூட்டம்தான். அந்தக் கூட்டத்தில் இருந்து குதிரையில் உட்கார்ந்த ஒரு ராஜாவை மட்டும் எடுத்து பேனரில் போடுகிறோம். மற்றவர்கள் எங்கே? ஏர் பிடித்தவர், குளம் வெட்டியவர், பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போனவர் எல்லாம் எங்கே? அந்தக் கணக்கில் சரிபாதி பெண்கள். எந்தப் பேனரிலாவது அவர்கள் பெயரைப் பார்த்திருக்கிறீர்களா? எல்லாருமே ஆண்ட பரம்பரைன்னா, ஆளப்பட்டவன் யாருப்பா?

அடுத்தது, "எங்க ரத்தம் கலக்காத ரத்தம்" என்பது. ஹைதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் அறிவியலாளர்களும் ஹார்வர்டு அறிவியலாளர்களும் சேர்ந்து, இந்திய மக்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த நாட்டில் மக்கள் பெரிய அளவில் கலந்தார்கள், அதற்குப் பிறகுதான் தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம் இறுகியது என்பது அவர்கள் முடிவு. அதாவது, கலந்த பிறகுதான் கதவைச் சாத்தினோம். சாத்திய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, "நாங்க எப்பவும் இப்படித்தான்" என்கிறோம்.

இப்போது சிலர் இன்னொரு நியாயமான கேள்வி கேட்பார்கள். "ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் அடையாளத்தைச் சொல்லித் தலைநிமிர்கிறார்களே, அது மட்டும் சரியா?" இதற்குப் பதில் சொல்லாமல் தாண்டிப் போவது நேர்மை இல்லை.

மானம் என்று ஒன்று இருக்கிறது, பெருமை என்று ஒன்று இருக்கிறது. இரண்டும் வேறு. நமக்குப் பக்கத்தில் இருக்கும் கன்னியாகுமரி அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைத்துச் சேலை போடக் கூடாது என்று தடை இருந்தது. அந்தப் பெண்கள் பல ஆண்டுகள் போராடினார்கள், அடி வாங்கினார்கள். 1859இல் மன்னர் இறங்கி வந்து நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று அறிவிக்க வேண்டி வந்தது. அந்தப் பெண்கள் கேட்டது என்ன? "நாங்கள் உங்களைவிட உயர்ந்தவர்கள்" என்றா? "நாங்களும் மனுஷிங்கதான்" என்றார்கள். அதுதான் மானம்.

1968இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குப்பை வண்டியின் இயந்திரத்தில் சிக்கி இரண்டு தொழிலாளர்கள் செத்துப்போன பிறகு நடந்த போராட்டம் அது. வரிசையாக நடந்து போனவர்கள் கையில் பிடித்த அட்டையில் இருந்தது ஒரே வாசகம்: "நான் ஒரு மனிதன்." அவர்களுக்குத் துணை நிற்கப் போன இடத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே நாட்டில் வெள்ளை முகமூடி போட்ட கூட்டமும் தன் நிறத்தைப் பெருமை என்றுதான் சொன்னது. இருவருமே நிறத்தைத்தானே பேசினார்கள், என்ன வித்தியாசம்? ஒருத்தர் குனிய வைத்த முதுகை நிமிர்த்தினார். இன்னொருத்தர் அந்த முதுகின் மேல் ஏறி நின்றார்.

ஆகவே அளவுகோல் எளிது. உன் பெருமை நிற்க, உனக்குக் கீழே யாராவது வேண்டுமா? வேண்டாம் என்றால் அது மானம். வேண்டும் என்றால் அது சாதி. இந்த அளவுகோல் எல்லாருக்கும் பொது. மேலே இருப்பவனிடம் மானம் கேட்டுப் போராடிவிட்டு, "எனக்குக் கீழேயும் ஒருத்தன் இருக்கான்" என்று திரும்பிப் பார்த்து ஆறுதல் அடைந்தால், அந்த நிமிடமே நம் போராட்டமும் அதே ஏணியில் இன்னொரு படியாகிவிடும். அம்பேத்கர் இதைத்தான் படிப்படியான சமத்துவமின்மை என்று விளக்கினார்.

சீட்டு எழுதிய தம்பி சொல்கிறார், "நான் யாரையும் அடிக்கல." நம்புகிறேன் தம்பி. ஆனால் அந்தப் பெருமையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்.

1916இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது அம்பேத்கர் ஒரு கட்டுரை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25. அகமணம்தான், அதாவது தன் சாதிக்குள்ளேயே மணம் முடிப்பதுதான், சாதியின் உயிர் என்று அதில் நிறுவினார். யோசித்துப் பாருங்கள். சாதிப் பெருமையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் எதைக் காவல் காக்க வேண்டும்? வீட்டுப் பெண்ணை. அவள் யாரோடு பேசுகிறாள், யாரோடு பஸ் ஏறுகிறாள், போனில் யார் நம்பர் இருக்கிறது! அண்ணன் ஸ்டேட்டஸில் மீசை முறுக்குவான், அதற்காகத் தங்கை படிப்பை நிறுத்துவாள். அவனுக்குச் செலவில்லாத பெருமை, அவளுக்கு வாழ்நாள் கடன். தங்கைகளே, இதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

அவள் மீறினால் என்ன ஆகும்? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், ஒரு இளம் தம்பதியை வெட்டினார்கள். பொறியியல் படித்த அந்தப் பையன் செத்துப்போனான். கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்தது. இப்படி நடப்பது அடிதடிக்குப் பெயர்போன குடும்பங்களில் மட்டும்தானா? இல்லை. சாதாரணக் குடும்பங்களிலும்தான். வாழ்நாள் முழுக்க யாரையும் அடிக்காமல் "பெருமை" மட்டும் பட்டுக்கொண்டிருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு, மகள் முடிவெடுக்கும் நாள் வரும்போதுதான் அந்தப் பெருமையின் முகம் தெரிகிறது.

நம் மாவட்டத்துக்கே வருவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். வெட்டியது கூலிப்படை இல்லை. கூடப் படித்த பிள்ளைகள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று பள்ளியில் சொன்னதுதான் அவன் செய்த குற்றம். அந்த மாணவன் அடுத்த ஆண்டு ப்ளஸ் டூ தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தான். இப்போது சொல்லுங்கள், பெருமை என்ற சொல் யாருக்குப் பொருந்தும்? அரிவாள் எடுத்த கைக்கா, வெட்டுப்பட்ட பிறகும் படித்துத் தேறிய அந்தப் பிள்ளைக்கா?

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. "நீங்க மட்டும் தமிழன்னு பெருமை பேசலையா? அதுவும் பிறப்புதானே?" நல்ல கேள்வி. இத்தாலியில் பிறந்த பெஸ்கி இங்கே வந்து தமிழ் கற்று, வீரமாமுனிவர் ஆகி, தேம்பாவணி பாடினார், சதுரகராதி தொகுத்தார். ஜி.யு.போப் திருக்குறளை ஆங்கிலத்தில் கொடுத்தார். அவர்களை யாராவது "நீ தமிழுக்குள் வரக் கூடாது" என்று நிறுத்தினார்களா? மொழிக்கு வாசல் உண்டு, கற்றவர் எல்லாம் உள்ளே வரலாம். சாதிக்கு வாசல் உண்டா? எவ்வளவு படித்தாலும், எவ்வளவு உழைத்தாலும் ஒருவர் இன்னொரு சாதிக்குள் போக முடியுமா? ஆனால் தமிழ்ப் பெருமையும் சும்மா கிடைப்பதில்லை. கீழடியில் பானை ஓட்டில் பெயர் கீறியவர்களைப் பேசி ரீல்ஸ் போட்டால் போதாது. தமிழில் நாலு நல்ல புத்தகம் படி, பிழையில்லாமல் ஒரு பக்கம் எழுது. தமிழ் பேசுகிறேன் என்பதற்காகப் பக்கத்தில் வேலை பார்க்கும் பீகார் தொழிலாளியைக் கேவலமாகப் பேசினால், அங்கேயும் அதே அளவுகோலை எடுத்து வை. அதுவும் சாதிப் புத்திதான்.

அப்படியென்றால் முன்னோரிடம் இருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டொழிக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். தலைமை வகித்தவர் டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியனார். அந்த மேடையைச் சேர்ந்தவர்கள் பிறப்பில் வந்த பட்டத்தைத் தாங்களாகவே கழற்றி வைத்தார்கள். இன்றைக்கு வேலைக்காக வெளிமாநிலம் போகும் நம் பிள்ளையிடம் "உன் சர்நேம் என்ன?" என்று கேட்கிறார்கள். அவன் அப்பா பெயரைச் சொல்கிறான். அந்த ஒற்றை இனிஷியலுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு உழைப்பு இருக்கிறது. 1967இல் அண்ணா ஆட்சியில், புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்ததும் அந்த வரிசையில் வந்ததுதான். இதை நினைத்து நெஞ்சு நிமிர்த்துங்கள். ஆனால் இது ரத்தத்தில் வராது. ஒவ்வொரு தலைமுறையும் திரும்பச் செய்தால்தான் நிற்கும்.

கடைசியாக, செய்ய வேண்டியது.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் அணியத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம் எனப் பல பரிந்துரைகள் அதில் உள்ளன. அவை முழுமையாக வகுப்பறைக்கு வர வேண்டும். சாதி ஆணவக் கொலைகளுக்கு எதிரான தனிச் சட்டம் வேண்டும். காதல் தம்பதிகளைக் காக்கத் தனிப் பிரிவுகளும் பாதுகாப்பு இல்லங்களும் தேவை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது காகிதத்தில் நிற்கக் கூடாது. இவை நமது கட்சியின் கோரிக்கைகள். எந்த ஆட்சி இருந்தாலும் கேட்போம்.

உங்களிடம் கேட்பது இன்னும் சின்ன விஷயம். கையில் கயிறு இருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். யாரும் வற்புறுத்த வேண்டாம், மேடைக்கு வந்து காட்டவும் வேண்டாம். வகுப்பில் யாரோடு சாப்பிட்டதே இல்லையோ, நாளைக்கு அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். வீட்டில் தங்கையோ அக்காவோ தன் முடிவைச் சொல்லும் நாளில், அவள் பக்கத்தில் நில்லுங்கள். அன்றைக்குத் தெரியும் நீங்கள் யார் என்று.

சீட்டு எழுதிய தம்பிக்கு என் பதில் இதுதான்: உன் பிறப்பில் உனக்கு வெட்கமும் வேண்டாம், பெருமையும் வேண்டாம். நாளைக்கு உன் பிள்ளை உன்னை நினைத்துப் பெருமைப்படும்படி ஏதாவது செய்.



#சாதியற்ற_வகுப்பறை #சுயமரியாதை #மாணவர்_அணி