நாலு சுவருக்குள் நாலு மாதம்

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா என்றால் "நன்றாகப் படியுங்கள், முன்னேறுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்காருவதுதான் வழக்கம். எனக்கு முன்னால் பேசியவர்கள் அதைச் சிறப்பாகவே சொல்லிவிட்டார்கள். ஆகவே நான் வீட்டைப் பற்றிப் பேசலாமென்று வந்திருக்கிறேன். கோவிட் காலத்து வீடு. அது முடிந்த கதைதானே, இப்போது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் தேதி இரவு அன்றைய பிரதமர் முகிதீன் யாசின் தொலைக்காட்சியில் தோன்றி அறிவித்தார். 18-ஆம் தேதி முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. மார்ச் 31 வரை, இரண்டே வாரம் என்றார்கள். அது ஏப்ரல் 14 ஆனது, பிறகு 28 ஆனது, பிறகு மே 12 ஆனது. மே மாதத் தொடக்கத்தில் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆனால் மார்ச் விடுமுறைக்கென்று புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் திரும்பி வந்தது ஜூலை மாதத்தில்தான். நாலு மாதம்! அதுவும் போதாதென்று நவம்பரில் மறுபடியும் மூடினார்கள். 2021-இலும் பல மாதங்கள் அதே கதை.

நாள்காட்டிப்படி அது பங்குனியும் சித்திரையும். இளவேனில் என்று புலவர்கள் பாடுகிற பருவத்தின் வாசல். நம் நாட்டில் இளவேனில் ஏது, வெயில் உண்டு, மழை உண்டு, அவ்வளவுதான். அந்த ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி பங்குனி உத்திரம் வந்தது, காவடி இல்லை. ஏப்ரல் 14 சித்திரைப் புத்தாண்டு, கோயிலுக்குப் போக முடியவில்லை. அண்ணன் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தாலும் கைபேசித் திரையில்தான் முகம் பார்த்தோம். "பசியாறிட்டீங்களா?" என்று திரையைப் பார்த்துக் கேட்ட பெருமை நம்மையே சேரும்.

கடைக்கு வீட்டுக்கு ஒருவர்தான் போகலாம், அதுவும் பத்துக் கிலோமீட்டருக்குள் என்றார்கள். குடும்பத் தலைவர்தான் போகவேண்டும் என்றதும், பல அப்பாக்கள் வாழ்நாளில் முதல் முறையாகக் கூடையைத் தூக்கினார்கள். போனவர் சும்மா வந்தாரா? மல்லித் தழை எது, புதினா எது என்று கடையில் நின்றபடி படம் பிடித்து அனுப்பி, "இதுவா, அதுவா?" என்று கேட்டார். வீட்டில் இருந்தவர்கள் சிரித்தோம். ஆனால் முப்பது வருடம் ஒரே வீட்டில் சாப்பிட்டவருக்கு உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், அந்த வீட்டுச் சமையலறை எத்தனை தூரத்தில் இருந்திருக்கிறது பாருங்கள். ஒரு மீட்டர் இடைவெளி விடச் சொன்னது அரசாங்கம். நாம் அதற்கு முன்பே விட்டு வைத்திருந்தோம்.

ஒதுங்கி இருப்பது நமக்குப் புதியது அல்ல. தோட்டப்புறத்தில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும். அதைப் பார்த்தவர் அஞ்சடியிலேயே நின்று நலம் விசாரித்துவிட்டுப் போவார். இன்னொரு செய்தியையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1910-இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது முகக்கவசம் அணியச் சொல்லி, நோயாளிகளைத் தனியே வைத்து, அதை அடக்க முன்னின்றவர் டாக்டர் ஊ லியன் தே. 1879-இல் பினாங்கில் பிறந்தவர், நம் நாட்டுப் பிள்ளை.

சவர்க்காரம் போட்டு இருபது விநாடி கை கழுவச் சொன்னார்களே, ஏன்? அந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ச் சட்டியில் சவர்க்காரம் என்ன செய்கிறதோ அதையேதான் கிருமியின் உறையிலும் செய்கிறது. உறை கலைந்தால் கிருமி செயலிழந்துவிடும். அன்றைக்குக் காய்கறிப் பையைக்கூடத் துடைத்துத் துடைத்து வைத்தோம். பையைவிடக் காற்றுதான் முக்கியம், மூடிய அறையில் மூச்சுக்காற்று வழியாகவே அதிகம் பரவுகிறது என்பது பிற்பாடு தெளிவாயிற்று. சன்னலைத் திறந்து வைத்த பாட்டிமார்களே சரி.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

மலிவு விலை அடுக்குமாடி வீட்டை எண்ணிப் பாருங்கள். அறுநூற்றைம்பது சதுர அடி. அதற்குள் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். வெளியே ஒரு மீட்டர் இடைவெளி, உள்ளே ஒரு முழம்கூடக் கிடையாது. காலையில் பசியாறல், பத்து மணிக்குத் தேநீர், மதியம் சோறு, நாலு மணிக்கு மைலோ, இரவுச் சாப்பாடு. எல்லாரும் வீட்டில் இருந்தால் அடுப்பு எப்போது அணையும்? பாத்திரம் கழுவி முடிவதற்குள் அடுத்த பாத்திரம். மற்றவர்களுக்கு அது விடுப்பு, அம்மாவுக்கு அது இரட்டைச் சம்பளமில்லா வேலை. இந்த லட்சணத்தில் மார்ச் மாதக் கடைசியில் மகளிர் அமைச்சு ஓர் அறிவுரைப் படம் வெளியிட்டது. மனைவிமார் கணவரைக் குறைசொல்லாமல் டோராமோன் பொம்மையைப் போலக் குரலை மாற்றிப் பேசலாமாம்! நாடே சிரித்தது, அமைச்சும் மன்னிப்புக் கேட்டது. பாத்திரத்தில் பாதியை நீங்கள் கழுவுங்கள் என்று கணவன்மார்களுக்கு ஒரு படம் போட்டிருந்தால் நான் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன்.

அடுத்து, கைபேசி. பாடமெல்லாம் புலனக் குழுவில் வந்தது. கல்வியமைச்சு அந்த ஆண்டு எடுத்த கணக்கெடுப்பில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. கைபேசி இருந்த வீட்டிலும் ஒன்றுதான் இருந்தது. அதுவும் அப்பாவோடு லாரியில் போய்விடும். இரவு எட்டு மணிக்கு அவர் வந்த பிறகுதான் காலைப் பாடம். முதலில் யாருக்கு? பரீட்சை எழுதும் அண்ணனுக்கு. அடுத்து? தம்பி அழுவான், அவனுக்கு. நடுவில் பிறந்த பெண்பிள்ளை அதுவரை அம்மாவோடு துணி மடித்துக்கொண்டிருப்பாள். அவள் முறை வரும்போது மின்கலம் தீர்ந்திருக்கும், அல்லது அவளே தூங்கிப் போயிருப்பாள். இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். ஆசிரியர்களைக் கேளுங்கள், வரிசையாகச் சொல்வார்கள்.

பணம்? நாலாயிரம் வெள்ளிக்குக் கீழே வருமானம் உள்ள குடும்பத்துக்கு அரசாங்கம் 1,600 வெள்ளி கொடுத்தது. ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து மாதம் ஐந்நூறு வெள்ளி வரை எடுத்துக்கொள்ளலாம் என்றது. எடுத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அரிசி வேண்டுமே! ஆனால் அது முதுமைக்கு வைத்த காசு. பள்ளிக்கு வந்தால் கிடைக்கும் கூடுதல் உணவுத் திட்டத்துச் சாப்பாடும் ஏழைப் பிள்ளைக்கு அந்த நாலு மாதமும் எட்டாமல் போயிற்று.

இதையெல்லாம் இன்று ஏன் கிளறுகிறேன்? அன்று எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய வயதில் வீட்டில் உட்கார்ந்த பிள்ளைகளில் சிலர், மேல் வகுப்புக்குப் போன பிறகும் வாசிக்கத் திணறினார்கள். மக்குப் பிள்ளை என்று அவர்கள் முதுகில் எழுதிவிடாதீர்கள். அவர்கள் இழந்தது புத்தியை அல்ல, நாட்களை. நாட்களைத் திருப்பிக் கொடுக்கலாம். ஒரு நாளைக்கு இருபது நிமிடம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை வாய்விட்டு வாசிக்கக் கேட்கவேண்டும். படிக்கத் தெரியாத பாட்டிகூடக் கேட்கலாம். கதை புரியவில்லை என்றால் "என்னடா சொல்ற, திருப்பிச் சொல்லு" என்பார், அதுவே நல்ல பாடம்.

தந்தைமார்களுக்குத் தனியாக ஒரு விண்ணப்பம். கூடையைத் தூக்கினீர்களே, அதைக் கீழே வைத்துவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு இரவு பாத்திரத்தை நீங்களும் ஆண்பிள்ளைகளும் கழுவுங்கள். அந்த அரைமணி நேரம் அந்தப் பெண்பிள்ளை மேசையில் உட்காரட்டும், கைபேசியோ புத்தகமோ முதலில் அவள் கையில் இருக்கட்டும். எந்தெந்த இரவு என்று இன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிள்ளைகள் பரிசுக்காகக் காத்திருக்கிறார்கள்.