நம் கடையில் பிறத்தியாருக்குக் காயம் பட்டால் யார் பொறுப்பு?

(சீசன் தொடங்கும் முன் நடந்த கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பயிற்சிக் குழு சார்பில் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிடும். அந்த மூன்று மாத வியாபாரத்தை நம்பித்தான் நம் குழுக்களில் பலரும் வருஷம் முழுக்கக் கணக்குப் போடுகிறோம். சுக்குக் காபி, மிளகாய் பஜ்ஜி, நேந்திரங்காய் சிப்ஸ், பழக்கடை என்று குழுக்கடன் வாங்கித்தான் இறங்குகிறோம். கடனைத் திருப்பிக் கட்டுவதில் நம்மை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு விஷயத்தில் நாம் எல்லோருமே கோட்டை விட்டிருக்கிறோம். அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

போன சீசனில் நம் குழு ஒன்று ஐந்தருவிக்குப் போகிற வழியில் பஜ்ஜிக் கடை போட்டது. அந்தச் சகோதரிகளின் சம்மதத்தோடுதான் சொல்கிறோம், குழுவின் பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நல்ல கூட்டம். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தோடு ஒரு குடும்பம் வந்து நின்றது. கடை முன்னால் தண்ணீரும் எண்ணெய்யும் கலந்து கிடந்திருக்கிறது. ஆறு வயசுப் பிள்ளை வழுக்கி, விழாமல் இருக்க அடுப்பு மேசையைப் பிடித்தது. சட்டி சரிந்து பிள்ளையின் கையில் எண்ணெய் கொட்டிவிட்டது.

நம் சகோதரிகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறது. வைத்தியச் செலவு 46,000 ரூபாய் ஆனது. பிள்ளையின் அப்பா நியாயமாகத்தான் கேட்டார்: "உங்க கடையிலதானம்மா நடந்தது?"

அப்போது அந்தக் குழுவின் ஊக்குநர் எங்களிடம் சொன்னார்: "அக்கா, கவலை இல்லை, நாங்க கடைக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கோம்லா!"

பத்திரத்தை எடுத்து வந்து உட்கார்ந்து படித்தோம். கடன் வாங்கியபோது எடுத்த பாலிசி அது. கடைச் சரக்குக்கும் சாமானுக்கும் தீப்பிடித்தால் உண்டு, திருடு போனால் உண்டு. 'பொதுப்பொறுப்பு' என்ற பகுதிக்கு நேரே 'எடுக்கவில்லை' என்று இருந்தது. 46,000 ரூபாயும் குழுச் சேமிப்பிலிருந்து போனது. பதினான்கு பேர் வாரா வாரம் போட்ட காசு.

"ரெண்டு வருஷமா பீரோவுல பத்திரமா வச்சிருந்தோம், ஒரு தடவைகூடப் படிச்சுப் பாக்கலையே" என்று அந்த ஊக்குநர் அழுதார். தப்பு அவருடையது மட்டும் இல்லை. கணக்கு எழுத, தீர்மானம் போட என்று எத்தனையோ பயிற்சி கொடுத்த நாங்கள் பாலிசி படிக்கச் சொல்லித் தரவில்லை. தப்பு எங்களுடையதும்தான்.

நம் பொருள் வேறு, நம் பொறுப்பு வேறு

சகோதரிகளே, இதை முதலில் மனசில் வாங்கிக்கொள்வோம். நம் அடுப்பு, நம் சரக்கு, நம் கடை போனால் கிடைப்பது பொருள் காப்பீடு. நம்மால் பிறத்தியாருக்குக் காயமோ அவர் பொருளுக்குச் சேதமோ வந்து, சட்டப்படி நாம் ஈடு கட்ட வேண்டி வந்தால் உதவுவது பொதுப்பொறுப்புக் காப்பீடு. ஒன்று இருந்தால் மற்றது தானாக வந்துவிடாது.

2023 ஆகஸ்டில் குற்றாலம் மெயினருவிப் பக்கம் தற்காலிகக் கடைகளில் தீப்பிடித்துப் பல கடைகள் எரிந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி ஒரு தீ நம் கடையில் தொடங்கிப் பக்கத்துக் கடையை எரித்தால் என்ன ஆகும்? நம் சரக்குக்குப் பொருள் காப்பீடு பேசும். பக்கத்துக் கடைக்காரர் நம்மிடம் கேட்கும் ஈட்டுக்குப் பொதுப்பொறுப்புதான் பேசும்.

கம்பெனிகள் விற்பதில் பல வகை உண்டு. பெரிய நிறுவனங்கள், வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் 'கமர்ஷியல் ஜெனரல் லயபிலிட்டி' என்று ஒன்று எடுப்பார்கள். இடத்தில் நடக்கும் விபத்து, விற்ற பொருளால் வரும் கேடு எல்லாம் அதில் சேர்ந்து வரும். நம்மைப் போன்ற சின்னக் கடைகளுக்கு 'ஷாப்கீப்பர்' பாலிசி என்று இருக்கிறது. அது அலமாரி மாதிரி, பல தட்டுகள். தீ ஒரு தட்டு, திருட்டு ஒரு தட்டு, பொதுப்பொறுப்பு ஒரு தட்டு. நாம் கேட்டுப் பணம் கட்டிய தட்டு மட்டும்தான் நமக்கு.

சிலர் கேட்கிறார்கள், "இதுக்குச் சட்டமே இருக்குல்லா அக்கா?" 1984-ல் போபால் விஷவாயுக் கொடுமை நடந்த பிறகு, 1991-ல் பொதுப்பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது உண்மைதான். ஆனால் அது அபாயகரமான ரசாயனப் பொருள்களைக் கையாளும் தொழிற்சாலைகளுக்கு. பஜ்ஜிக் கடைக்கு யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். நாமாகத்தான் எடுக்க வேண்டும்.

எதற்குக் கிடைக்காது?

பாலிசியில் 'விலக்குகள்' என்று ஒரு பக்கம் இருக்கும். சின்ன எழுத்து. முதலில் படிக்க வேண்டிய பக்கம் அதுதான். பொதுவாக வரும் விலக்குகளைச் சொல்கிறோம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நம் பத்திரத்தில் உள்ளதுதான் கணக்கு.

1. நம் வேலையாள். கடையில் கூலிக்கு நிற்கிற பெண்ணுக்குக் கை வெந்தால் இதில் வராது. வேலையாள் இழப்பீட்டுக்குத் தனிப் பாலிசி உண்டு. குழு உறுப்பினரே கடையில் நின்றால் அவர் 'பிறத்தியார்' ஆகமாட்டார். அவருக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடுதான் வழி.

2. வண்டி. சரக்கு ஏற்றும் ஆட்டோ யார் மேலாவது மோதினால் இந்தப் பாலிசி பேசாது. அதற்கு மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் இருக்க வேண்டும்.

3. நம் பொறுப்பில் இருக்கும் பிறத்தியார் பொருள். குளிக்கப் போகிறவர்கள் பையையும் செல்போனையும் "பாத்துக்கோங்கக்கா" என்று நம்மிடம் தந்துவிட்டுப் போவார்கள். அது தொலைந்தால் கிடைக்காது. வாடகைக்கு எடுத்த பாத்திரமும் அப்படித்தான்.

4. சாப்பாடு. நமக்கு இதுதான் முக்கியம். பல பாலிசிகளில் உணவால் வரும் கேடு தனியாகக் கேட்டு, கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் சேரும். பாக்கெட் போட்டு விற்ற சிப்ஸையும் ஊறுகாயையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டு உடம்புக்கு வந்தால், அது 'பொருள் பொறுப்பு' என்ற வேறு கணக்கு. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது மாணவி இறந்துபோனதை நாம் மறக்க முடியாது. 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் 65-ம் பிரிவுப்படி, கெட்ட உணவால் உயிர் போனால் குறைந்தது 5 லட்சம் ரூபாய் ஈடு தர வேண்டும். பெரிய பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புக்கு 1 லட்சம் வரை. எந்தக் குழுவின் சேமிப்பு இதைத் தாங்கும்?

5. அபராதம். அதிகாரிகள் போடும் அபராதத்தை எந்தக் கம்பெனியும் கட்டாது. தெரிந்தே சட்டத்தை மீறினாலும் கை விரித்துவிடும். உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் கடை நடத்துவது, வீட்டு சிலிண்டரைக் கடையில் வைப்பது எல்லாம் இதில் வரும். எண்ணெய் நிறுவனங்கள் பதிவு பெற்ற கேஸ் வாடிக்கையாளர்களுக்காக ஒரு காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. வீட்டு சிலிண்டரைக் கடைக்குக் கொண்டுபோனால் அதையும் நம்ப முடியாது.

6. இயற்கைச் சீற்றம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவரை அடித்துக்கொண்டு போனது. வெள்ளம், புயல், நிலநடுக்கம் தனியாகச் சேர்த்தால் தவிர வராது. அருவிக்கரையில் கடை போடுகிற நாம் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

7. ஒப்பந்தத்தில் தலையில் போட்டுக்கொண்டது. இடம் தருகிறவர் "எது நடந்தாலும் கடைக்காரரே பொறுப்பு" என்று எழுதி வாங்குவார். சட்டப்படி நம் மேல் வராத பொறுப்பை ஒப்பந்தத்தால் மட்டும் ஏற்றுக்கொண்டால், கம்பெனி அதற்குத் தராது. கையெழுத்துக்கு முன்னால் கூட்டமைப்பில் காட்டுங்கள்.

இன்னும் இரண்டு வார்த்தை. ஒரு விபத்துக்கு இவ்வளவு, ஒரு வருஷத்துக்கு மொத்தம் இவ்வளவு என்று இரண்டு உச்சவரம்பு இருக்கும். 'எக்ஸஸ்' என்றால் முதலில் நாம் கையிலிருந்து போட வேண்டிய தொகை. இந்த மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பல பாலிசிகளில் பாலிசி நடப்பில் இருக்கும்போதே கிளைம் வர வேண்டும் என்றும் இருக்கும். அதனால் புதுப்பிக்கும் தேதியைத் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

விபத்து நடந்த அன்று

முதலில் மனுஷ உயிர். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், 108-க்குப் போன் போடுங்கள். முதலுதவி செய்தால் கிளைம் கெட்டுப்போகும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஆனால் பதற்றத்தில் "எல்லாச் செலவும் நாங்களே தந்துடுறோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். கம்பெனியைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொண்டாலோ பேசி முடித்தாலோ கிளைம் மறுக்கப்படலாம் என்பது இந்தப் பாலிசிகளின் நிபந்தனை. ஏமாற்றச் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்துக்கு முழு ஈடு கிடைக்கவும் அதுதான் வழி. போட்டோ எடுங்கள், பார்த்தவர்கள் பெயரை எழுதுங்கள், ஆஸ்பத்திரி பில்லின் நகலை வாங்குங்கள், கம்பெனிக்கு அன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள். நோட்டீஸ் வந்தால் பீரோவில் வைக்காதீர்கள், உடனே அனுப்புங்கள்.

கம்பெனி நியாயம் இல்லாமல் மறுத்தால், முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருஷத்துக்குள் போகலாம். தனிநபரும் குறுந்தொழில் நடத்துவோரும் எடுத்த பாலிசிகளை அவர் விசாரிப்பார். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

கடைசியாக

போன வாரம் ஒரு சகோதரி கேட்டார்: "பிரீமியம் கட்டி, ஒண்ணும் நடக்கலேன்னா காசு வீண்தானேக்கா?" ஒன்றும் நடக்காமல் சீசன் முடிந்தால் சந்தோஷமாகப் போய்த் திருக்குற்றாலநாதரைக் கும்பிட்டு வருவோம். நடந்துவிட்டால், பதினான்கு வீட்டுச் சேமிப்பு ஒரே நாளில் போகாது. அந்தக் காசுக்கு அவ்வளவுதான் அர்த்தம்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். அன்றைக்கு அந்தக் கடை முன்னால் இரண்டு சாக்கு விரித்து, அடுப்பு மேசையை உள்ளே தள்ளிப் போட்டிருந்தால் அந்தப் பிள்ளையின் கை வெந்திருக்காது. எந்தப் பாலிசியும் அந்த வலியைத் திருப்பி எடுத்துக்கொள்ளாது. முதலில் சாக்கு, அப்புறம் பாலிசி.

இன்றைக்கு நாம் போட்ட தீர்மானம் இது: கடை வைத்திருக்கும் ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்துக்கு பாலிசியைக் கையோடு கொண்டு வர வேண்டும். பாலிசி இல்லாத குழு, இல்லை என்று கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பத்திரத்தையும் விலக்குப் பக்கத்தோடு சத்தம் போட்டுப் படிப்போம். புரியாத வரிக்கு அடிக்கோடு போட்டு, கம்பெனிக்காரரை இங்கே கூப்பிட்டு எழுத்தில் பதில் வாங்குவோம். முதல் பத்திரமாகத் தங்களுடையதைப் படிக்கச் சொல்லி, அந்த ஐந்தருவிக் கடைச் சகோதரிகளே முன்வந்திருக்கிறார்கள். இந்த வருஷம் பொதுப்பொறுப்பும் உணவும் சேர்த்துப் புதுப்பித்த பத்திரம் அது.