காவலும் கடிவாளமும்

தில்லி லக்ஷ்மிபாய் நகரில் கூடியிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

குளிர்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு இருமல். சிலருக்கு அது நிமோனியாவாக முற்றுகிறது. நிமோனியா என்றால் என்ன?

நுரையீரலில் கோடிக்கணக்கான சிறிய காற்றுப் பைகள் உள்ளன. பாக்டீரியாக் கிருமி அவற்றில் புகுந்து பெருகுகிறது. பைகளில் நீரும் சீழும் சேர்கின்றன. காற்றுக்கு இடமில்லை. மூச்சு வாங்குகிறது.

கிருமி நுழைந்ததும் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. இவைதாம் உடம்பின் காவல்காரர்கள். கிருமியைப் பிடித்து விழுங்குகின்றன. ஆனால் காவல் எல்லை மீறினால் நுரையீரலே புண்ணாகிவிடும். ஆகவே உடம்பு ஒரு கடிவாளமும் வைத்திருக்கிறது. ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் பொருள்கள் உடம்பிலேயே சுரக்கின்றன. இன்டர்லூக்கின்-10 அவற்றில் ஒன்று. கார்டிசால் இன்னொன்று.

கடிவாளத்தை முன்கூட்டியே இழுத்தால் என்ன ஆகும்? விஞ்ஞானிகள் எலிகளிடம் சோதித்தார்கள். முடிவு 1996-ல் வெளிவந்தது. நிமோனியா கண்ட எலிகளுக்கு இன்டர்லூக்கின்-10 கொடுத்தார்கள். நுரையீரலில் கிருமி பெருகியது. எலிகள் சீக்கிரம் இறந்தன. அந்தப் பொருளைத் தடுத்தபோது கிருமி குறைந்தது.

மருந்துக் கடையிலும் ஒரு கடிவாளம் உண்டு. அதுதான் ஸ்டீராய்டு மாத்திரை. அது கார்டிசால் போலவே வேலை செய்யும். காய்ச்சலும் வலியும் தணியும். நோயாளி ‘குணமாகிவிட்டது’ என்று நினைப்பார். உள்ளே கிருமி வளர்ந்துகொண்டிருக்கும்.

2021-ல் தில்லியில் கொரோனா பரவியது நினைவிருக்கும். அது வைரஸ் நோய். ஆனாலும் பாடம் ஒன்றுதான். நோய் லேசாக இருக்கும்போதே ஸ்டீராய்டு சாப்பிட வேண்டாம் என்று எய்ம்ஸ் இயக்குநராக இருந்த டாக்டர் ரண்தீப் குலேரியா அந்த மே மாதம் எச்சரித்தார். கறுப்புப் பூஞ்சை நோய் பெருகியதற்கும் தவறான ஸ்டீராய்டு பழக்கம் ஒரு காரணம்.

அப்படியானால் ஸ்டீராய்டு விஷமா? இல்லை. பிரான்ஸ் நாட்டில் நடந்த ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. கடுமையான நிமோனியாவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களுக்கு, வழக்கமான சிகிச்சையோடு ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். 100 பேரில் சுமார் 12 பேர் இறந்த இடத்தில், சுமார் 6 பேரே இறந்தார்கள். காலமும் அளவும் அறிந்து டாக்டர் இழுத்தால் அது உயிர் காக்கும் கடிவாளம்.

ஆகவே இவற்றை மறக்காதீர்கள்:

காய்ச்சலும் இருமலும் இருக்கும்போது மூச்சு வேகமாக வாங்கினால், நெஞ்சு வலித்தால், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சப்தர்ஜங் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது.

பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்காதீர்கள்.

ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நெடுநாளாக ஸ்டீராய்டு சாப்பிடுபவர் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். தாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

குழந்தைக்கு ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம் ஆகும்போது நிமோனியாத் தடுப்பூசி போடுங்கள். அரசு இதை இலவசமாகப் போடுகிறது.

காவலும் வேண்டும், கடிவாளமும் வேண்டும். கடிவாளம் டாக்டர் கையில் இருக்கட்டும்.