கணக்கு தட்ட ஒரு கீபோர்டு
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



டேப்லெட் திரையில் குழுக் கணக்கு தட்டும்போது ஒரு சைபர் கூடினாலும் ஒருத்தர் கடன் பத்து மடங்காயிடும். அதனாலதான் கம்பியில்லா கீபோர்டு வாங்கத் தீர்மானித்தோம். செலவு நம்ம பணம். நாலு விஷயம் பார்ப்போம்.

1. யு.எஸ்.பி. செருகுற வகை லேப்டாப்புக்குச் சரி. பல டேப்லெட்டில் அதுக்கு இடமில்லை. புளூடூத் வகைதான் இரண்டுக்கும் தோது.

2. பைக்குள் அடங்கும் சின்ன கீபோர்டில் வலப்பக்க எண்கட்டம் பெரும்பாலும் இருக்காது. நமக்கு வேலையே எண்தான்; கொஞ்சம் நீளமானாலும் எண்கட்டம் உள்ளதையே கேட்போம்.

3. பென்சில் பேட்டரி வகைன்னா, தீர்ந்தால் பெட்டிக்கடையிலேயே வாங்கிக்கலாம்.

4. விசையில் தமிழ் எழுத்து இல்லைன்னா கவலை வேண்டாம். தமிழ் வருவது டேப்லெட்டில் உள்ள மென்பொருளால். ஆனா காசு கொடுக்குமுன் நம்ம டேப்லெட்டையே கடைக்குக் கொண்டுபோய், 'சேமிப்பு' என்று தட்டிப் பார்க்கணும்.

பில்லைக் கூட்டமைப்பு பெயரில் வாங்குவோம். நம்ம கணக்கை நாமே பதிவோம்.